பங்குக் கிணற்றை நான் பிரித்த கதை

என் புது வீட்டில் மேற்குப் பக்கம் ஒரு யன்னல்கூட இருக்கக் கூடாது. இதுதான் நான் எடுத்த முடிவு. கூரைக்கு ஓடா ஓலையா, நிலத்துக்குச் சீமெந்தா சாணமா, விறாந்தை எவ்வளவு அகலம், எல்லாவற்றையும் என் மனைவி சிவக்கொழுந்து தீர்மானிக்கட்டும். மேற்கு மட்டும் என் அதிகாரத்தில் இருக்கட்டும். எட்டுத் திசையில் ஒன்றைத்தான் கேட்டேன். ஒரு புருசனுக்கு அதுகூட இல்லையென்றால் அவன் எதற்கு?

காற்று வராதே என்பீர்கள். எங்கள் வேலணைத் தீவில் காற்றுக்குப் பஞ்சம் வந்ததே கிடையாது. தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று எழும்பினால் மூடின கதவுக்குள்ளாலும் மண் வந்து சோற்றில் விழும். நான் தடுக்க நினைத்தது காற்றை அல்ல, தியாகலிங்கத்தை.

தியாகலிங்கம் சிவக்கொழுந்துக்கு அம்மான் மகன். முறை மச்சான். ஒரு காலத்தில் அவருக்கே இவள் என்று பேசியிருந்தார்களாம். அதற்குள் அவருக்கு மலாயாவில் றெயில்வே உத்தியோகம் கிடைத்து, கப்பல் ஏறிப் போய்விட்டார். அவர் கப்பல் ஏறியதால்தான் நான் மாப்பிள்ளை ஆனேன். என் மாமியார் உயிரோடு இருந்தவரை இதை எனக்கு மறக்க விடவில்லை. இப்போது மனிதர் பென்சன் எடுத்துக்கொண்டு, மனைவியையும் அங்கே பறிகொடுத்துவிட்டு, தனிக்கட்டையாக வந்து எங்களுக்கு மேற்குப் பக்கத்து வளவில் குடியேறியிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளை மீசை, நல்ல நிறம். அதோடு ஒரு கிராமபோன் பெட்டி. அதை அவர் வைத்தால் ஊர்காவற்றுறைத் துறைமுகம் வரைக்கும் கேட்கும். யாருக்குக் கேட்கவேண்டும் என்று அவ்வளவு சத்தமாக வைக்கிறார் என்பது எனக்கு மட்டும்தான் விளங்கியது.

நான் ஆழ்வாப்பிள்ளை. தெற்கே காலி நகரத்தில் சுருட்டுக்கடை. பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஊருக்கு வந்து போகிறவன். மற்ற நாளெல்லாம் சிவக்கொழுந்து இங்கே மண்வீட்டில் தனியாக இருந்தாள். இந்த முறை கல்வீடு கட்டிவிட்டுத்தான் திரும்புவது என்று கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். வந்து இறங்கினால் மேற்கே இந்தச் சங்கீதம்.

இதையும் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது கிணறு.

அவர் வளவும் எங்கள் வளவும் முன்பு ஒரே வளவு. சிவக்கொழுந்தின் பாட்டனார் அதை மகனுக்குப் பாதி, மகளுக்குப் பாதி என்று பிரித்தார். நிலத்தைப் பிரித்த மனிதர் கிணற்றைப் பிரிக்கவில்லை. தீவில் நல்ல தண்ணீர் ஊறுகிற கிணறு லேசில் கிடைக்காதே. அதனால் வேலியைக் கிணற்றின் நடுவால் கொண்டுபோனார். பாதிக் கிணறு அந்தப் பக்கம், பாதிக் கிணறு இந்தப் பக்கம். கிணற்று வாய்க்கு மேலே ஒரு தடி போட்டு நாலு பனையோலை கட்டித் தொங்கவிட்டிருந்தது. மறைப்பாம். ஓலை காய்ந்து சுருங்கியபிறகு அது மறைத்தது கொஞ்சம், காட்டியது மிச்சம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அள்ளினால் உள்ளே வாளியும் வாளியும் முட்டி 'டங்' என்று கேட்கும்.

வந்த மறுநாட் காலை கோப்பியைக் கையில் எடுத்தேன். கேட்டது 'டங்'. கோப்பி முடிந்தது. இன்னொரு 'டங்'. ஒரு குடம் தண்ணீருக்கு எத்தனை 'டங்' வேண்டும்? எழுந்துபோய் முருங்கை மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். முருங்கை மறைந்து நிற்கத் தோதான மரம் அல்ல. நான் வேறு கொஞ்சம் பருமன். ஆனாலும் நின்றேன்.

சிவக்கொழுந்து குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் எதையோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லும் எனக்குக் கேட்கவில்லை. தியாகலிங்கம் ஓலை இடுக்கால் முகத்தை நீட்டி, சிரித்துச் சிரித்துத் தலையாட்டினார். அவள் இன்னும் சொன்னாள். அவர் இன்னும் ஆட்டினார். என்னோடு ஒரு நாளும் அவள் இவ்வளவு நீளமாகக் கதைத்ததில்லை. என்னோடு கதைப்பதெல்லாம் அரிசி முடிந்தது, கூரை ஒழுகுது, இரண்டும்தான்.

அவள் குடத்தோடு வந்தபோது நான் கதிரையில் இருந்தேன், ஒன்றும் தெரியாதவனாக.

"நேரம் போட்டுது போல கிடக்கு," என்றேன்.

"அத்தானோடை கதைச்சுக்கொண்டு நிண்டிட்டன். அருமையான மனுசன். நான் என்ன சொன்னாலும் சிரிச்சுக்கொண்டு கேப்பார். மறுத்து ஒரு சொல்லுச் சொல்லமாட்டார்."

அத்தானாம். கலியாணம் முடித்த நாள் முதல் என்னை அவள் கூப்பிடுவது 'இஞ்சாருங்கோ'. அது யாருக்கும் பொருந்தும். எங்கள் பசுமாட்டையும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். பொறாமை என்று சொல்ல நான் வெட்கப்படவில்லை. எனக்கு நெஞ்சு எரிந்தது. பத்து மாதம் தனியாக இருக்கிற பெண்ணுக்குப் பக்கத்தில், சிரித்துக்கொண்டு கேட்கிற ஒருவன் வந்துவிட்டான். நானோ சிரிக்கவும் தெரியாதவன், கேட்கவும் தெரியாதவன். அவள் கணக்குப் பார்த்தால் என் பக்கம் என்ன மிஞ்சும்? இந்தப் பயம் எனக்கு உண்மையாகவே வந்தது.

அன்றைக்கே வீட்டுக்குப் பிளான் கீறத் தொடங்கினேன். சிவக்கொழுந்து பக்கத்தில் வந்து இருந்து தனக்கு வேண்டியதைச் சொன்னாள். குசினிக்குப் புகைக்கூடு வேண்டும். அலுமாரி வைக்க ஒரு மூலை வேண்டும். குசினி வாசலில் தனக்கென்று ஒரு கிணறு வேண்டும். கிணற்றுக் கதை புதிதல்ல. தாலி கட்டி முடிந்து சோறு போடும்போதே அதைத் தொடங்கினவள் அவள். நானும் வழக்கமான பதிலைச் சொன்னேன். பங்குக் கிணறு கிடக்கும்போது தனிக் கிணறு என்னத்துக்கு? கீழே முழுவதும் பாறை, வெட்டி முடிக்க ஒரு யுகம் போகும். அவள் மறுபேச்சுப் பேசாமல் குடத்தை எடுத்துக்கொண்டு மேற்குப் பக்கம் போனாள். கொஞ்சத்தில் 'டங்'.

அடிமட்டத்தை வைத்து மேற்குச் சுவரை ஒரே இழுவையில் கீறினேன். யன்னல் இல்லை, கதவு இல்லை, ஓட்டை இல்லை.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் கல்வீடு கட்டுவதென்றால் ஊர்காவற்றுறை அரசாங்கக் கந்தோருக்குப் பிளான் கொடுத்து அனுமதி எடுக்கவேண்டும் என்று புதிதாக வந்திருந்தது. கட்டட வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியர் பார்த்துச் சரி சொல்லாமல் ஒரு கல்லும் வைக்க ஏலாது. ஓவசியர் பெயர் இராயப்பு. மெலிந்த மனிதர். காதில் ஒரு சிவப்புப் பென்சில். மாட்டுவண்டிலில் குலுங்கிக் குலுங்கிப் போய் என் பிளானை அவர் மேசையில் விரித்தேன். அதை நான் சுருட்டுக்கட்டுச் சுற்றுகிற கடதாசியின் மறுபுறத்தில் கீறியிருந்தேன். அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு மணந்தும் பார்த்தார்.

"இது வீடோ, சுருட்டுப் பெட்டியோ?"

வீடுதான் என்றேன். மூன்று அறையும் மேற்குச் சுவரோடு கிடக்க, ஒன்றுக்கும் யன்னல் இல்லையே என்றார். அறைக்கு யன்னல் இல்லாவிட்டால் அனுமதி இல்லை, அதுவும் வெளிப்பக்கம் திறக்கிற யன்னல். மேற்கே பார்க்கிறது எங்கள் குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன். கந்தோருக்கு அப்படி ஒரு திசையும் தெரியாது என்று சொல்லி, சிவப்புப் பென்சிலால் என் மேற்குச் சுவரில் மூன்று சுழி போட்டுத் தந்தார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். யன்னல் வேண்டும் என்று சட்டம் சொல்லுகிறது. எவ்வளவு உயரத்தில் என்று சொல்லவில்லை. அடுத்த பிளானில் மூன்று யன்னலையும் முகட்டுக்குக் கிட்டக் கொண்டுபோய் வைத்தேன். ஏணி வைத்து ஏறினாலும் தியாகலிங்கத்தின் தலைமயிர் மட்டும்தான் தெரியும். அந்தக் கெட்டித்தனத்துக்காக அன்றைக்கு எனக்கு நானே இரண்டு சுருட்டுப் பரிசளித்தேன்.

இராயப்பு இந்த முறை வளவைப் பார்க்க நேரில் வந்தார். சிவக்கொழுந்து அவருக்குக் கோப்பி கொடுத்தாள். என் கோப்பியைவிட அதில் பால் கூட. அதையும் கவனித்தேன். அப்போது எனக்கு ஊரில் மீசை வைத்தவர்கள் எல்லோர்மீதும் சந்தேகம். இராயப்புவுக்கு மீசை இல்லாததால் விட்டுவிட்டேன்.

அவர் பிளானையும் நிலத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உவ்வளவு உயரத்திலை யன்னல் வைச்சு ஆர் பாக்கிறது?"

"ஒருத்தரும் பாக்கக் கூடாது. அதுக்குத்தான் யன்னல்."

அவர் தலையைச் சொறிந்தார். ஆனால் சட்டப்படி மறுக்க வழியில்லை. சரி என்று ஒரு கோடு போட்டார். எனக்கு வானத்தில் ஏறினமாதிரி இருந்தது. அடுத்த கேள்வியில் கீழே இறங்கினேன். கிணறு எங்கே என்றார். பிளானின் ஓரத்தில் நான் கீறியிருந்த பிறைச்சந்திரனைக் காட்டினேன்.

"இது பாதியெல்லே?"

"ஓம். எங்களுக்குப் பாதிதான்."

"மற்றப் பாதி?"

"அது பக்கத்து வளவிலை."

அரைக் கிணறு என்று சட்டத்தில் ஒன்றும் இல்லை என்று அவர் பெருமூச்சு விட்டார். கல்வீட்டுக்கு வளவுக்குள் கிணறு காட்டவேண்டும். பங்குக் கிணறு என்றால் இரண்டு வழி. பங்குக்காரர் இரண்டுபேரும் தொடர்ந்து இப்படியே பாவிக்கிறோம் என்று கையெழுத்து வைத்துத் தரலாம். அதுதான் லேசு, எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். அல்லது ஒருத்தர் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, தன் வளவுக்குள் புதுக்கிணறு வெட்டிக் காட்டவேண்டும். அதில் பாறை உடைக்கிற சோலி கிடக்கு என்று அவரே எச்சரித்தார்.

அந்த நேரம் பார்த்து மேற்கே 'டங்' என்றது. கோப்பிப் பேணியைக் கழுவ சிவக்கொழுந்து போயிருந்தாள்.

எனக்குள் ஒரு வெளிச்சம் வந்தது. இவ்வளவு நாளும் நான் யன்னலோடு மாரடித்துக்கொண்டிருக்கிறேன். யன்னலா என் எதிரி? கிணறு அல்லவா எதிரி. கிணற்றை விட்டுவிட்டால் அவளுக்கு மேற்கே போக ஒரு காரணமும் இல்லை. வாளி முட்டாது, ஓலை இடுக்கு இல்லை, சிரிப்பு இல்லை, தலையாட்டல் இல்லை.

"பங்கை விடுறம்," என்றேன். "புதுக்கிணறு வெட்டுறம்."

இராயப்பு என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். பங்கை விடுவதென்றால் வளவுக்குச் சொந்தக்காரர் கையெழுத்து வைக்கவேண்டும் என்றார். இங்கேதான் சிக்கல். வளவு சிவக்கொழுந்தின் சீதனம். அந்த வளவில் என் பெயரில் இருந்தது என் செருப்பு மட்டும். அதையும் அவள்தான் எங்கே கழற்றவேண்டும் என்று சொல்லுவாள்.

அவளை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். மூன்றாம் நாள் சாப்பிட்டுக் கைகழுவியபிறகு மெதுவாகத் தொடங்கினேன்.

"எங்கடை பாட்டனார் வெட்டின கிணறு," என்றாள். "அதிலை எனக்கு உரிமை கிடக்கு. அதை எப்பிடி விடுறது?"

"புதுக்கிணறு வெட்டித் தாறன்."

"வேண்டாம். உங்களுக்கு வீண் செலவு."

என் செலவைப்பற்றி அவள் கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை. அந்த இடத்தில் நான் விழித்திருக்கவேண்டும்.

"செலவைப்பற்றி நீர் யோசியாதையும். கிழக்கு மூலையிலை நல்ல இடம் கிடக்கு."

"அவ்வளவு தூரம் போய்த் தூக்கிக்கொண்டு வர எனக்கு ஏலாது. அதுக்கு அத்தான்வீட்டுப் பக்கமே கிட்ட."

"அப்ப குசினி வாசலிலை வெட்டுவம்."

"குசினியை நீங்கள் மேற்கையெல்லே கீறியிருக்கிறியள்."

"கிழக்கை மாத்துறன்."

"மாரி மழைக்கு நனைஞ்சுகொண்டு நிண்டு அள்ளுறதோ?"

"கிணத்தடிக்கும் கூரை போடுறன்."

"தோய்க்கிற கல்லு பழைய கிணத்தடியிலைதானே கிடக்கு. உடுப்புத் தோய்க்க நான் அங்கைதான் போகவேணும்."

"புதுக் கல்லு வைக்கிறன். சீமெந்துத் தொட்டியும் கட்டுறன்."

"துலா இழுக்க எனக்குத் தோள் நோகுது. அங்கையெண்டா அத்தானும் ஒரு வாளி அள்ளி ஊத்துவார்."

"கப்பி போடுறன். விரலாலை இழுத்தாலும் வரும்."

அவள் நெடுமூச்சு விட்டாள். நீங்கள் இவ்வளவு சொல்லும்போது நான் எப்படி மறுக்கிறது, புருசன் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத்தான் ஆகவேண்டும் என்றாள். புகைக்கூட்டையும் பிறகு மறந்துவிடவேண்டாம் என்றாள். கையெழுத்து வைக்கும்போது சேலைத்தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. ஒரு பெண்ணின் பிறந்தகத்து உரிமையைப் பறித்துவிட்டேனே என்று அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சி. அவள் கேட்ட ஒவ்வொன்றும் அவளை மேற்கிலிருந்து ஒவ்வோர் அடி தள்ளி வைக்கிறதல்லவா? கூரை போட்டால் மழைக்கும் போகமாட்டாள். தொட்டி கட்டினால் தோய்க்கவும் போகமாட்டாள். ஒன்றொன்றாக வழியை அடைத்துவிட்டேன்.

இனித் தியாகலிங்கத்தின் கையெழுத்து. பங்கை ஏற்றுக்கொள்கிறேன் என்று அவரும் வைத்துத் தரவேண்டும். ஊருக்கு வந்து அவ்வளவு நாளும் அவரோடு நான் ஒரு சொல்லுக் கதைத்ததில்லை. அவர் பெயரையே என் முன்னால் எடுக்கவேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன். மேசன் தம்பு ஒருமுறை அத்திவாரக் கயிறு பிடிக்கும்போது, "தியாகலிங்கத்தாரிலை ஒரு குறை கிடக்கு பாருங்கோ" என்று தொடங்கினான். ஒன்றா, நூறு குறை எனக்குத் தெரியும், நீ கயிற்றைப் பிடி என்று வாயை அடைத்துவிட்டேன்.

நான் போனபோது கிராமபோன் அலறிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. எவ்வளவு திமிர். நேரே முன்னால் போய் நின்றபிறகுதான் கண்டார். கண்டதும் எழுந்து, கையைப் பிடித்து, கதிரையில் இருத்தினார். வாயெல்லாம் சிரிப்பு. எனக்கு அந்தச் சிரிப்பைக் கண்டாலே ஆகாது.

நான் சுற்றிவளைக்கவில்லை.

"எங்கடை வீட்டுப் பொம்பிளையள் இனி இந்தப் பக்கம் தண்ணிக்கு வராயினம்," என்றேன் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு.

"ஓம் ஓம்," என்றார் சிரித்தபடி. "கட்டாயம் வாறன்."

என்ன துணிச்சல் பாருங்கள். அவள் வரமாட்டாள் என்றால் தான் வருகிறாராம்.

"வேலியையும் இறுக்கி அடைக்கப்போறன்," என்றேன்.

"சந்தோசம். கடவுள் குடுத்தது."

கடவுளா கொடுத்தார்? மேலே கதைத்தால் கைகலப்பில் முடியும் என்று கடதாசியை நீட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டு, ஒவ்வொரு வரியாக வாசித்தார். பாதிக் கிணறு சும்மா வருகிறது, மறுப்பாரா? அழகாகக் கையெழுத்து வைத்தார். வைத்துவிட்டு, "கொழுந்துக்கு நல்லது" என்று என் தோளில் தட்டினார். என் மனைவியின் பெயரைப் பாதியாக்கிச் சொல்ல இவருக்கு யார் உரிமை கொடுத்தது? கிணற்றிலும் பாதி, பெயரிலும் பாதி. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வேலிக் கதியால் தடிகளை ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டு வந்தேன்.

அனுமதி வந்தது. இராயப்பு சிவப்புப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, முழுக் கிணறு கீறியிருக்கிற பிளான் எவ்வளவு வடிவாகக் கிடக்கு என்று மெச்சினார்.

பாறை நான் பயந்ததைவிட மோசம். தம்புவின் ஆட்கள் அலவாங்குக் கம்பி வளைய வளையக் குத்தினார்கள். காலியிலிருந்து தம்பி, காசு அனுப்பி அனுப்பிக் கடையில் இருப்பது இனி நானும் தராசும்தான் என்று எழுதினான். நான் பின்வாங்கவில்லை. ஒவ்வொரு நாளும் கிணற்றடியில் குடையோடு நின்றேன். சிவக்கொழுந்து இந்த இடம்தான் என்று காட்டிய இடத்தில் நல்ல தண்ணீர் ஊறியது. தேங்காய்த் தண்ணீர் தோற்றுப்போகும். இந்த இடம் இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று தம்பு அதிசயித்தான். அவள் எத்தனையோ வருசமாக அந்த இடத்தைப் பார்த்து வைத்திருந்தாளாம். அதையும் நான் பெரிதாக எடுக்கவில்லை.

வீடு எழும்பியது. கிழக்கே குசினி, புகைக்கூடு, வாசலில் கிணறு, மேலே கூரை, கப்பி, தோய்க்கிற கல், சீமெந்துத் தொட்டி. மேற்கே முகட்டுக்குக் கிட்ட மூன்று யன்னல். அதில் புறாக்கள் குடியேறின. பழைய கிணற்றை முழுவதும் அந்தப் பக்கம் விட்டு, இந்தப் பக்கம் வேலியை இரட்டை ஓலை வைத்து அடைத்தேன். அன்றிலிருந்து 'டங்' கேட்கவில்லை. சிவக்கொழுந்து மேற்கே திரும்பியும் பார்க்கவில்லை. கப்பியின் கிறீச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு விறாந்தையில் கால்நீட்டி இருந்தேன். மச்சானை ஒரு சண்டை சச்சரவில்லாமல் வென்றவன் இந்தத் தீவில் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

புது வீட்டுக் குடிபூரலுக்கு ஊர் திரண்டு வந்தது. தியாகலிங்கமும் வந்தார், கட்டாயம் வருகிறேன் என்று சொன்னபடியே. பட்டு வேட்டி, கையில் ஒரு பெரிய வாழைக்குலை. வென்றவன் பெருந்தன்மையோடு நடக்கவேண்டும் என்று நானே கூட்டிவந்து இராயப்புவுக்குப் பக்கத்தில் இருத்தினேன்.

இராயப்பு அவர் காதுக்குள் வாயை வைத்து, "எப்பிடிச் சுகம்" என்று கத்தினார். சத்தத்தில் புறாக்கள் மூன்று யன்னலாலும் பறந்தன.

"ஏன் ஐயா இப்பிடிக் கத்துறியள்?" என்று கேட்டேன்.

"கத்தாமல்? அவருக்குக் காது கேளாதெல்லே. மலாயாவிலை றெயில் பாதை போட மலைக்கு வெடி வைக்கிற இடத்திலை கன காலம் நிண்டவர். இப்ப இடி விழுந்தாலும் கேளாது. நல்ல மனுசன், மற்றவை மனம் நோகக் கூடாது எண்டு எல்லாத்துக்கும் சிரிச்சுத் தலையாட்டுவார். பக்கத்து வீட்டிலை இருந்துகொண்டு உமக்கு இது தெரியாதே?"

தியாகலிங்கம் என்னைப் பார்த்துச் சிரித்தார். தலையாட்டினார். "சந்தோசம்," என்றார்.

எனக்கு வாழைக்குலை கிடந்த இடமே சுற்றியது. காது கேளாதவர். கிராமபோன் அவ்வளவு சத்தம் ஏன் என்று இப்போது விளங்கியது. வாசலில் நின்று கூப்பிடத் திரும்பாதது விளங்கியது. விளங்காதது ஒன்றுதான். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு நேரம், ஒரு காது கேளாத மனிதனிடம் இவள் என்ன கதைத்தாள்?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு குசினிப் பக்கம் போனேன். சிவக்கொழுந்து புதுக் கிணற்றடியில், கூரை நிழலில், கப்பிக் கயிற்றை இரண்டு விரலால் இழுத்துக்கொண்டிருந்தாள். வந்திருந்த பெண்டுகளுக்கு அது எவ்வளவு லேசு என்று காட்டுகிறாள் போலும். அவர்கள் போகும்வரை காத்திருந்து கேட்டேன்.

"தியாகலிங்கத்துக்குக் காது கேளாதாம்."

"ஓம். பாவம்."

"உமக்கு இது முதலே தெரியுமோ?"

"ஊருக்கே தெரியும். உங்களுக்குத்தான் ஒருத்தரும் சொல்லேலாதே."

"அப்ப அவ்வளவு நாளும் வேலியிலை நிண்டு அந்தாளோடை என்ன கதைச்சனீர்?"

வாளி மேலே வந்தது. அவள் அதை அவசரமில்லாமல் தொட்டிக்குள் ஊற்றினாள்.

"குசினி வாசலிலை எனக்கொரு கிணறு வேணும் எண்டு. முருங்கைக்குப் பின்னாலை நிண்டு நிண்டு உங்களுக்கும் கால் நொந்திருக்கும்."

அவள் வெறும் வாளியைத் திரும்பக் கிணற்றுக்குள் இறக்கினாள்.

"உங்களுக்குக் கலியாணம் முடிச்ச நாள் துவக்கம் சொல்லிப் பாத்தனான், கேக்கேல்லை," என்றாள். "பிறகு அவருக்குச் சொன்னனான். உங்களுக்குக் கேட்டுது."